நூற்றுக்கு நூறு

துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் முடிவிலி. அவரிடம் ஆய்வுக்குச் சேர்ந்தவர்கள் முடித்துக் கண்டதில்லை என்பதால் வைத்தார்கள். அவரோ அது தம் அறிவின் அளவு என்று நம்பினார். காதில் விழும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார்.

பதிலுக்கு அவர் தம் ஆய்வு மாணவி ஒருத்திக்கு வைத்த பெயர் எப்சிலான். எவ்வளவு சின்னதானாலும் பரவாயில்லை என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும் எண். பயன்பாட்டுக் கணிதத்தில் ஏழாவது வருடமாக, சிக்னலில் வண்டிகள் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். வண்டிகளெல்லாம் எப்போதோ போய்விட்டன, அவள்தான் நின்றாள்.

அன்று அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கையெழுத்து. காப்பீட்டு நிறுவனம் ஒன்று அவளை வேலைக்கு எடுக்கச் சம்மதித்திருந்தது. ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டதாக அவர் கையெழுத்திட்ட படிவம் மாலை ஐந்துக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு.

“கையெழுத்து எங்கம்மா ஓடிடப் போகுது?” என்று முடிவிலி படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். “மத்தியானம் புதுசா சேர வர்றவங்களுக்குக் கூட்டம். நம்மகிட்ட படிச்சவங்க எத்தனை பேரு வேலைல இருக்காங்கன்னு ஒரு படம் போட்டுக் குடு. அப்புறம் பாக்கலாம்.”

அதுவரை அவரிடமிருந்து வெளியேறியவர்கள் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் போன் செய்தாள். வேலையில் இருப்பதாகச் சொன்னவர்கள் மூன்று பேர்: வானிலை அலுவலகத்தில் ஒருவர், வங்கியில் ஒருவர், டியூஷன் சென்டரில் ஒருவர். எட்டுப் பேர் போனையே எடுக்கவில்லை. மிச்சமிருந்தவர் எடுத்தார், எடுத்து, முடிவிலியின் ஏழு தலைமுறையையும் இழுத்தார்.

“இருபத்தஞ்சு சதவீதம் வருது சார்.”

“என்ன கணக்கும்மா இது? போன் எடுக்காதவனைப் பத்தி நமக்கு எதுவும் தெரியாது. தெரியாததை வச்சு வகுப்பியா? தூக்கு.”

“ஒருத்தர் எடுத்தாரு சார். வீட்ல சும்மாதான் இருக்காராம். உங்களை வேற...”

“அது இரைச்சல். தரவுல இரைச்சல் இருந்தா என்ன பண்ணணும்? ஏழு வருஷமா கத்துக் குடுத்தேனே!”

வடிகட்டினாள். மூன்றுக்கு மூன்று, நூறு. ‘பதில் சொன்னவர்களில்’ என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்ததையும் அழிக்கச் சொன்னார். படத்தின் அழகு கெடுகிறதாம்.

கூட்டத்தில் முன்வரிசையைப் பார்த்தாள். அப்பாவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கைக்குத் தபால் அலுவலகத்திலிருந்து வேலை உத்தரவு வந்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதை விட்டு இங்கே ஆய்வுக்குச் சேரலாமா என்று பார்க்க வந்திருந்தாள். ஏழு வருடமாக வீட்டில் “எல்லாம் பிரமாதமா போகுது” என்று அளந்துகொண்டிருந்தவள் இவள்தானே.

திரையில் நூறு வந்து நின்றது. கைதட்டல் அடங்கியதும் அப்பா எழுந்தார்.

“அந்தப் படம் என் பெரிய பொண்ணு போட்டதுங்க. அவ வாயால கேட்டுட்டா போதும். ஏம்மா, இது நிஜம்தானா? சின்னவளுக்கு வந்த வேலையை விட்டுடலாமா?”

முடிவிலி படிவத்தை எடுத்து மேசையில் விரித்தார். பேனா மூடியைத் திறந்தார். அப்புறம் அவசரமே இல்லாமல் அவளைப் பார்த்தார். சுவர்க்கடிகாரத்தில் நாலு பத்து.

“நிஜம்தான்பா,” என்றாள். “நூத்துக்கு நூறு.”

பேனா ஓடியது.

வெளியே வந்தபோது தங்கை போனைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். “தபால் ஆபீஸுக்கு வரலைன்னு சொல்லிட்டேன்கா. அந்த அம்மா நல்லா யோசிச்சியான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. கணக்கு தெரியாதவங்க, பாவம்.”

“எப்சிலான்னு ஒண்ணு வந்தா பின்னாடியே டெல்டா வரணும், அதானே கணக்கு!” என்று முடிவிலி தங்கைக்கும் அங்கேயே பெயர் வைத்தார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஒன்றும் புரியாதபோது அவர் அப்படித்தான் சிரிப்பார்.

அக்காவின் இடமே காலியாவதால் அதையே தங்கைக்குக் கொடுத்தார்கள். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அக்காவின் மூன்றாம் அத்தியாயம் மடித்து அதனடியில் செருகப்பட்டிருந்தது.

தங்கை உட்கார்ந்து பார்த்தாள். “ஆடுதேக்கா.”

“நாலாவது அத்தியாயம் அலமாரில இருக்கு. அதையும் வச்சுக்கோ,” என்று சொல்லிவிட்டு, படிவத்தோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.