காலையில் மட்டும் நொண்டும் கால்

...கருப்பி நொண்டும், படுத்து எழுந்தவுடனே நொண்டும், பேர் கூப்பிடுற பெரட்டுக்கு நான் போறதுக்குள்ள லெட்சுமியக்கா வந்துட்டா கண்ணாலேயே பார்த்துடுவாங்க, அது போதும், வேற பேச்சே வேணாம்... பிரேமினி கொட்டில் கம்பைப் பிடித்தபடி நின்றாள், அக்கரப்பத்தனைத் தேயிலை மலைக் குளிரில் விரல் மரத்தது, உள்ளே பொட்டப் பன்னி கருப்பி குறட்டை விட்டது. மத்தியானம் கொழுந்து எடை போட்டதுக்கு அப்புறம்தான் அக்காவை வரச் சொல்லியிருந்தான் செல்லசாமி. கெட்டிக்காரப் புருஷன்! வெயில் ஏறினா மூட்டு இளகிடும், கருப்பி ராணி மாதிரி நடக்கும், யார் வேணாம்பாங்க? வாரத்துக்கு விடறதாப் பேச்சு, வளர்க்கிறது அக்கா, ஈனுற குட்டியில பாதி நமக்கு. ஆனா அக்கா கொட்டில்ல கெடக்கிற குட்டிங்க, அதுங்களுக்கும் ஒட்டிக்கிட்டா? அதை நம்பித்தானே கொழுந்து வேலையையே விட்டாங்க? கருப்பிக்கு ஊசி போட்டாச்சு, வீக்கம் வத்திடுச்சு, அப்புறமென்னன்னு கேட்டதுக்கு பன்னி பார்க்கிற டொக்டர் மாத்தயா இல்லேன்னு தலையாட்டினாரே... கிருமி மூட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கும், மருந்து அங்க சரியா எட்டாது, கால் நல்லாயிடும், கிருமி போகாது. அன்னைக்கு நம்பல. கருப்பியோட தாயைப் போன தீபாவளிக்கு வெட்டினப்போ நம்பினாள். அதுக்கும் இதே ஊசிதான், கடைசி நாள் வரைக்கும் ஓடின பன்னி, மூட்டைப் பிளந்தா மஞ்சளாய், கலங்கலாய்... சொல்லிடணும். செல்லசாமி கத்தட்டும்.

"என்னடி, விடியறதுக்குள்ள போன் போடுற? ஒம் புருஷன் மத்தியானம்ங்கிறான்!" லெட்சுமி மூச்சு வாங்க வந்தாள்.

"அது எழுந்திரிக்கிறதைப் பாருங்கக்கா."

கம்பால் தட்டினாள். கருப்பி எழுந்தது, நடந்தது, நேராக, ஒரு துளி நொண்டாமல்... பாவி, இன்னைக்குப் பார்த்தா?

"நல்லாத்தானே நடக்குது? குடுக்க மனசில்லேன்னா நேராச் சொல்லு புள்ள, நாடகம் எதுக்கு?" லெட்சுமி சிரித்தாள்.

விடக்கூடாது, சிரிச்சா சிரிக்கட்டும், விடக்கூடாது. "பின்னங்கால் முட்டியைத் தொட்டுப் பாருங்க."

லெட்சுமி குனிந்து தொட்டாள். கையை எடுக்கவில்லை. சிரிப்பு எங்கே போச்சு?

"சூடா இருக்கேடி... எங்கூட்டு ஆம்பளப் பன்னிக்கும் இப்படித்தான் இருக்கு. வளர்ற சூடுன்னுல்ல நெனச்சேன்."

அக்கா வீட்டு ஆம்பளப் பன்னி... போன மாசம் சேர்க்கைக்கு இதே கொட்டில்ல கட்டிப் போட்ட பன்னி... அப்போ அங்கேயிருந்து இங்கே வந்துச்சா, இங்கேயிருந்து அங்கே போச்சா? கருப்பியோட தாய் படுத்த மண்ணுலதானே ரெண்டும் படுத்துச்சு... பிரேமினி போனை எடுத்தாள், டொக்டரை ரெண்டு கொட்டிலுக்கும் வரச் சொல்லணும், அதுல மாத்தமில்ல. ஆனா அக்கா எதுக்கு தரையையே பார்த்துக்கிட்டு விரல் மடக்கி எண்ணுறாங்க, அந்தப் பன்னியோட ஒண்ணாக் கெடக்கிற குட்டிங்களையா?