அன்ரனிதாஸ் மாற்றிய கொயில்

...வள்ளத்து என்ஜின் திருத்துகிறவனிடம் காரைக் கொடுத்தால் இப்படித்தான், என்ஜினுக்குப் பொறி கொடுக்கிற கொயிலும் பிளக்கும் மாற்றுகிறேன் பேர்வழி என்று மீட்டரைச் சாகடித்துவிட்டுப் போயிருக்கிறான், அரியநாயகம் கண்ணாடியை விரலால் தட்டினார், என்ஜின் சுற்றைக் காட்டும் ஊசி பூச்சியத்தை விட்டு அசையவில்லை, பெற்றோல் ஊசி நிற்கிறது, சூட்டு ஊசி எழும்புகிறது, இது மட்டும்... என்ஜின் என்னவோ ஒழுங்காகத்தான் இரைகிறது, அதை நம்பலாமா, திங்கட்கிழமை மனைவி இரஞ்சிதத்தைக் கண் கிளினிக்குக்குக் கொண்டுபோகும்போது கடலுக்கு நடுவே பண்ணைப் பாலத்தில் நின்றுவிட்டால் யார் வந்து தள்ளுவது? கூப்பிட்டால் புளியங்கூடலுக்கு வருகிற மெக்கானிக் வேறு எவனும் இல்லை என்ற திமிர் அன்ரனிதாஸுக்கு. அதுதான் விடிந்ததும் விடியாததுமாக போனில் நன்றாகக் கொடுத்தார். "உனக்குக் கார் எண்டால் என்னெண்டு தெரியுமே? வள்ளத்தோடை நிண்டிருக்கலாமே!" மறுமுனையில் "வாறன் ஐயா", அவ்வளவுதான். பிழை விட்டவன் வேறென்ன சொல்லுவான்?

பொனட்டைத் திறந்தார். மாத்தறையில் முப்பது வருடம் பலசரக்குக் கடை நடத்தியவருக்கு இதென்ன பெரிய வித்தை, கொயிலிலிருந்து மீட்டருக்குப் போகிற மெல்லிய வயர் கழன்று தொங்கியது, பார், மொக்கன், ஒரு வயரைக் கொழுவத் தெரியவில்லை... ஆனால் நேற்று அவன் போகும்போது ஊசி எழும்பியதே, இரஞ்சிதமும் பார்த்தாளே, அதற்குப் பிறகு பொனட்டை யார் திறந்தது? வயர் முனையில் மஞ்சள் காய்ந்திருந்தது. அவன் ஒழுங்கையால் தெருவுக்குத் திரும்பியதும் செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, அவன் கைபட்ட இடமெல்லாம் தெளித்து, துணியால் அழுத்தித் துடைத்தது அவரேதான், என்னப்பா செய்யிறியள் என்று இரஞ்சிதம் கேட்டதற்கு, புதுச்சாமானுக்கு நல்லது என்று சொல்லி வைத்தார், கடற்கரைக்காரன் தொட்ட தீட்டு என்று மனைவியிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை, ஏன் வரவில்லை?

கேற்றடியில் மோட்டார் சைக்கிள் நின்றது. அவசரமாக மஞ்சளை உடுத்திருந்த சாரத்தால் தேய்த்தார், போகவில்லை, வயரைக் கொழுவிவிடலாமென்றால் கொயிலில் இரண்டு முனை இருக்கிறது, எதில் என்று தெரியவில்லை, சீ, என்ன மனுஷன்... அன்ரனிதாஸ் வந்து குனிந்தான், வயரைப் பார்த்தான், மஞ்சளைப் பார்த்தான்.

"கிணத்தடி எங்கை, ஐயா?" என்றான். "கையைக் கழுவிப்போட்டுத் தொடுறன்."

பகிடி பண்ணுகிறானா, அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, வேண்டாம், அப்படியே தொடு என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது, அது வரவில்லை, வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது, அப்படியும், கிணற்றை அவனுக்குக் காட்டக் கை எழும்பவில்லை.