முடிவுக்கோட்டுக் கட்டணம்

அந்த ஊர் விளையாட்டு அகாடமியில் ஓடத் தொடங்குவது இலவசம். முடிவுக்கோட்டைத் தாண்டுவதற்குத்தான் கட்டணம். பணம் கட்டியவர்களின் பிள்ளைகள் நூறு மீட்டர் ஓடி, கோட்டைத் தாண்டி நின்று தண்ணீர் குடிப்பார்கள். கட்டாதவர்களின் பிள்ளைகள் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் திரும்பி, வாசல் கேட்டு வழியாக வெளியே வந்து, ஊருக்குள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். முடியாத ஓட்டத்தை நடுவில் நிறுத்த எந்தக் காலுக்கும் தெரியாது.

பூங்கோதையின் மகள் மௌனிகாவுக்கு ஒன்பது வயது. பன்னிரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட ஜன்னலைத் தாண்டும்போது "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போவாள். பூங்கோதை பனியன் கம்பெனியில் நூல் பிசிர் வெட்டுகிறவள். சாப்பாட்டு நேரத்தில் தூக்குப்போசியோடு மெயின் ரோட்டு முக்கில் வந்து நிற்பாள். மகள் கடக்கிறபோது தயிர்சோற்றில் ஒரு உருண்டை வாயில் வைப்பாள். அடுத்த உருண்டைக்கு ஒரு சுற்று காத்திருக்க வேண்டும்.

"கால் வலிக்குதா கண்ணு?" என்று ஒருநாள் கேட்டாள்.

மறு சுற்றில் பதில் வந்தது. "இல்லம்மா."

அதற்கடுத்த சுற்றில், "உன்ற மடியில உக்காரோணும்மா" என்றாள். அதற்குள் தெரு திரும்பிவிட்டது.

பூங்கோதை நேரே அகாடமிக்குப் போனாள். மாஸ்டர் நல்ல மாதிரி. எழுந்து நின்று பேசினார்.

"ஏனுங்கக்கா, ஓட விட்டதுக்கு நாங்க ஒரு பைசா கேட்டமுங்களா?"

"இல்லீங்க மாஸ்டர்."

"கோடு வெளிநாட்டுச் சுண்ணாம்புங்க. மிதிக்க மிதிக்கத் தேயும்."

"மிதிக்காம, காலைத் தூக்கித் தாண்டச் சொல்றனுங்க."

"அது உயரம் தாண்டுதல்ல வந்துருமுங்கக்கா. அதுக்குத் தனி பீஸு."

முக்குக்குத் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு ரூபாவதி தன் மகளுக்காக டம்ளரோடு நின்றிருந்தாள்.

"பன்னண்டு நாளைக்கே மூக்கச் சிந்தறயா? என்ற மக ரெண்டு வருசமா ஓடறா. பல்லு விழுந்து மொளச்சதே ஓட்டத்துலதான்" என்று சிரித்தாள். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "எம்புட்டு ஒசரம் வளந்துருக்கறான்னு செவுத்தோரம் நிறுத்திப் பாக்க முடியல" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் பூங்கோதை அரசமரத்துப் பிள்ளையாரிடம் போனாள். அவள் எப்போதும் எதையும் கேட்டு அவரை நச்சரிக்கிறவள் இல்லை. கையைக் கூப்பிக்கொண்டு மூன்று சுற்று வந்தாள். மூன்றாவது முடிந்ததும் கால் தானாக நின்றது. குனிந்து தரையைப் பார்த்தாள். அங்கே கோடு எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று யோசித்தாள். பிறகு கடைக்குப் போய் ஒரு தேங்காய் வாங்கி வந்தாள்.

மௌனிகா வருவது தெரிந்ததும், "கண்ணு, இப்படித் திரும்பு! சாமியச் சுத்து!" என்று கூப்பிட்டாள்.

பிள்ளை திரும்பினாள்.

"அப்பனே, இவ பன்னண்டு நாளும் ஓடுனது ஒனக்கு நேந்துக்கிட்டு ஓடுனதுன்னு வெச்சுக்க. இந்தா, நேத்திக்கடன் முடிஞ்சுது. ஓட்டத்த நீயே வாங்கிக்க" என்று சொல்லித் தேங்காயை உடைத்தாள்.

மூன்றாவது சுற்றில் மௌனிகா நின்றாள். வந்து அம்மாவின் மடியில் உட்கார்ந்தாள். அந்தச் சின்ன நெஞ்சு அடித்துக்கொள்வது பூங்கோதையின் வயிறு வரைக்கும் கேட்டது. மெல்ல மெல்ல அது நிதானத்துக்கு வந்தது. காக்காய் வந்து தேங்காய்ச் சில்லைக் கொத்திக்கொண்டு போனது. பிள்ளை மடியை விட்டு அசையவில்லை. அன்றைக்குப் பூங்கோதை வேலைக்குப் போகவில்லை.

சாயங்காலத்துக்குள் ரூபாவதி வந்து உடைத்தாள். மற்ற அம்மாமார்களும் ஆளுக்கொரு தேங்காயோடு வந்தார்கள். மரத்தடி முழுக்கப் பிள்ளைகள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டரும் நோட்டோடு வந்தார்.

"ஓட்டமெல்லாம் யாரு பேருக்கு மாத்தியிருக்குதுங்கக்கா?"

பூங்கோதை பிள்ளையார் மேடையைக் காட்டினாள். மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பெயரை எழுதிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் மேடையில் மூஞ்சூறு மட்டும் இருந்தது. பிள்ளையார் அதற்குள் ஓடி பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டாராம்.

இப்போது அந்த ஊரில் யாரும் பிள்ளையாரைச் சுற்றுவதில்லை. கும்பிட வேண்டுமென்றால் மரத்தடியில் கையைக் கூப்பி நிற்கிறார்கள். அவர் வந்து மூன்று தரம் அவர்களைச் சுற்றிவிட்டுப் போகிறார்.