அண்ணன் சுரண்டிய பச்சை

என் அண்ணனுக்குச் சுத்தம் ஒரு வியாதி. விவசாயம் பார்க்கிறவன், மண்வெட்டியைக்கூடத் துடைத்துத்தான் மாட்டுவான். அவனிடம் போய், "நாளைக்கு எங்க மேடம் உன் வயலைப் பார்க்க வராங்க" என்று சொன்னேனே, என் புத்தியைச் சொல்லணும்.

நான் மண்ணில் வாழும் பாசிகளையும் நீலப்பச்சை நுண்ணுயிரிகளையும் ஆராய்கிறவள். அவன் வயலின் மேல்மண்ணில் மட்டும் நாற்பது வகைக்கு மேல் பார்த்திருந்தேன். என் ஆய்வுக்கு வழிகாட்டும் மேடத்துக்குப் பிடித்தால் ஆய்வு இங்கேயே தொடரும். இல்லாவிட்டால் வேறு வயலுக்குப் போய்விடும், என் உழைப்பெல்லாம் அம்போ.

காலையில் மேடத்தோடு போய் இறங்கினால், அறுவடை முடிந்த வயல் மொட்டைத் தலையாகக் கிடந்தது. பொட்டுப் பச்சை இல்லை.

"அண்ணா, பாசி எங்கே?"

"சுரண்டிட்டேன். பெரியவங்க வர்ற இடம், பாசி படிஞ்சு கிடந்தா சோம்பேறி வயல்னு நினைப்பாங்கல்ல?" என்று பெருமையாகச் சிரித்தான்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். மேடம் மட்டும் நிதானமாக, "சுரண்டினதை என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.

"மேல்மண்ணை யாராவது தூக்கிப் போடுவாங்களா?"

கொட்டகைக்குக் கூட்டிப்போனான். பாத்திக்கு ஒன்றாகக் கூடைகள் வரிசையாக நின்றன. "இது வாய்க்கால் ஓரம். இது நடுப்பாத்தி. நீங்க போனதும் அந்தந்த மண்ணை அந்தந்த இடத்துலயே போட்டுடுவேன்."

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். "உங்க தங்கச்சி எடுக்கற மண் மாதிரிகளைவிட ஒழுங்கா இருக்கே!"

எனக்குச் சுருக்கென்றது.

மேடம் வாய்க்கால் ஓரத்துக் கூடையிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கொண்டுவந்திருந்த நுண்ணோக்கியில் வைத்தார். முதலில் பார்த்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டார்.

"ஐயோ, நகருதே! இதென்ன, முத்து கோத்த மாதிரி?"

"காத்துல இருக்கற நைட்ரஜனைப் பிடிச்சு உங்க மண்ணுக்குத் தருது. சம்பளம் கேக்காத ஆளு," என்றார் மேடம். "அந்தப் படகு மாதிரி இருக்கறது வேற இனம். ஒரு சொட்டுலயே இத்தனையா! ஆய்வு இங்கேயே நடக்கட்டும்."

எனக்கு உயிர் வந்தது. அண்ணனோ நுண்ணோக்கியை விட்டு நகரவில்லை. மேடம் கூடைகளை வண்டியில் ஏற்றச் சொன்ன பிறகுதான் எழுந்து குறுக்கே நின்றான்.

"கூடைக்கு ஒரு கைப்பிடி எடுத்துக்குங்க. மீதியைத் தரமாட்டேன்."

மாலைவரை பாத்தி பாத்தியாகக் கையாலேயே தூவினான். பாவமாக இருந்தது, உதவலாமென்று வயலுக்குள் காலை வைத்தேன்.

"பார்த்து நடடி," என்று கத்தினான், "கீழ ஆளுங்க இருக்காங்க!"