முனியாயியின் ரிப்போர்ட்

முனியாயி நீட்டிய கவரை ஆனிமேரி டீச்சர் வாங்கியபோது மணி பத்துகூட ஆகவில்லை. மதுரையின் அந்த மருத்துவமனை வராந்தாவில் நாலு நாளாக இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இருவருடைய கணவருக்கும் ஈரலில் புற்றுநோய்க் கட்டி; ஆபரேஷனுக்காகச் சேர்த்திருந்தார்கள்.

“டீச்சர், இதுல என்ன போட்டிருக்குனு படிச்சுச் சொல்லுங்க. டாக்டர் சாயங்காலந்தேன் வருவாராம்.”

ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்பி வருமா என்பதை எம்.ஆர்.ஐ. படத்தைக் கம்ப்யூட்டரில் ஆராய்ந்து ஓரளவு முன்கூட்டியே கணிக்கிறார்கள். முந்தின நாள் ஆனிமேரியின் கணவர் ஜேசுராஜின் படத்தைக் காட்டி, “கட்டியோட ஓரம் சரியில்லம்மா. திரும்ப வர வாய்ப்பு அதிகம்” என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். ஜேசுராஜ் திருமங்கலத்தில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியார். சாராய வாசனைகூடத் தெரியாதவர். எப்போதோ வந்த மஞ்சள்காமாலைக் கிருமி ஈரலிலேயே தங்கிவிட்டது. முனியாயியின் கணவர் வீரணனோ குடித்துவிட்டு விழாத வாய்க்கால் கல்லுப்பட்டியில் இல்லை. அதை முனியாயியே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

ரிப்போர்ட்டின் கடைசி வரியை ஆனிமேரி இரண்டு முறை படித்தாள். வீரணனுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. இந்தக் குடிகாரனுக்கா? ஞாயிறு தவறாமல் கோயிலில் முழங்கால் போட்டவளுக்கு அது, இவளுக்கு இதுவா?

“இங்கிலீஷ்ல இருக்கும்மா. டாக்டரே சொல்லட்டும்.”

முனியாயி அவள் முகத்தையே பார்த்தாள். “ஒங்க மொகமே சொல்லுதே டீச்சர்” என்று கவரை வாங்கிக்கொண்டு வார்டுக்குள் போனாள். அப்படியில்லை என்று சொல்ல ஆனிமேரிக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

அரைமணி நேரத்தில் முனியாயி பையைத் தோளில் போட்டு, வீரணனைக் கைத்தாங்கலாக வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“ஆபரேஷன் வேணாம் டீச்சர். அறுத்தும் பொழைக்க மாட்டாருன்னா எதுக்கு? இருக்குற வரைக்கும் வீட்டுல இருக்கட்டும். வாரேன்.”

ஆனிமேரி உட்கார்ந்தே இருந்தாள். வாசலில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தாள். ஓடினாள். கையை வீசி மறித்தாள்.

“முனியாயி, நல்லாத்தான் போட்டிருக்கு! திரும்ப வர வாய்ப்பு கம்மின்னு இருக்கு. அவர எறங்கச் சொல்லு!”

“பெறகு ஏன் டீச்சர் அப்பவே சொல்லல?”

பதிலுக்குக் காத்திருக்காமல் முனியாயி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். “இந்தா, எறங்குய்யா” என்று வீரணனைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவருடைய ஒரு செருப்பு ஆட்டோவுக்குள்ளேயே கிடந்தது. டிரைவர் அதை எடுத்துக் கீழே போட, முனியாயி குனிந்து அவர் காலில் மாட்டினாள். எதுவும் விளங்காத அவர் ஒற்றைக் காலில் தள்ளாடியபடி அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குனிந்தபடியே அவள் சிரிப்பதை ஆனிமேரி பார்த்துக்கொண்டிருந்தாள்.