ஏழாவது காட்சிமுனை

அருவியைச் சுற்றி ஏற்கெனவே ஆறு காட்சிமுனைகள் இருந்தன. முதலாவதிலிருந்து அருவி தெரியும், தண்ணீர்த் தொட்டி மறைத்தது போக. இரண்டாவதிலிருந்து முதலாவது நன்றாகத் தெரியும். மூன்றாவதிலிருந்து விடுதிச் சமையலறையின் புகைபோக்கி. மற்ற மூன்றுக்கும் மூச்சு வாங்க ஏறியவர்கள், ஏறிய பாவத்துக்கு "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள்.

ஏழாவதைக் கட்ட முனைந்தவர் காட்சிமுனை அதிகாரி. அவருக்கு வேண்டியது அருவி அல்ல, அருவியை விட்டுத் தொலைவது. வருடக்கணக்காக அவர் குடியிருந்த, அருவிச் சாரல் ஓயாத அரசுக் குடியிருப்பில் உப்பு தானாகக் கரைந்தது, தீக்குச்சி பற்ற மறுத்தது, மனைவியின் கல்யாணப் பட்டில் பூஞ்சை பூத்தது.

"ஒரு நாளாவது காஞ்ச துணி உடுத்தணும். வேற சொத்து சுகம் எதுவும் நான் கேக்கல" என்பாள் அவள்.

அமைச்சர் வரும் திறப்பு விழா நல்லபடியாக முடிந்தால் தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் என்று மேலிடத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் பெட்டிகூடக் கட்டிவிட்டாள்.

வரைபடம் போட்டவன் அவள் தம்பி, இலாகா பொறியாளன். அளவெடுக்கப் போனது கடும் கோடையில். மழைக்காலத்தில் இடம் பார்க்கப் போனால் செருப்பு வழுக்கும் என்பதால், அந்த இலாகாவில் எல்லா அளவும் கோடையில்தான். அன்று அருவி, சரியாக மூடாத குழாய்போல ஒழுகிக்கொண்டிருந்தது.

"அத்தான், இங்கேருந்து பாத்தா நூல் மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமா?"

"போ."

"இன்னும்?"

"போயேன்டா. அமைச்சர் கைய நீட்டினா தண்ணி படணும்."

மழைக்காலத்தில், அருவி நன்றாக இருக்கும் நாளாகப் பார்த்துத் திறப்பு விழா வைத்தார்கள். அது நன்றாகத்தான் இருந்தது. மலையே கழன்று விழுவதுபோல விழுந்தது. புதிய மேடையில் வெள்ளையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவர் யார் என்பதை இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அமைச்சர் தொப்பலாக நனைந்து, அதிகாரியின் காதில் கத்தினார். "அருவி எங்கேய்யா?"

"நாம அதுக்குள்ளதான் நிக்கிறோம், ஐயா."

அதிகாரிக்கு மாற்றலும் காய்ந்த துணியும் கண்ணெதிரே கரைந்தன. 'உன் தம்பியால வந்த வினை' என்று மனைவியிடம் சொல்லவேண்டிய வசனத்தை மனதுக்குள் தயார் செய்தார்.

அமைச்சரோ மைக்கைப் பிடித்துவிட்டார். பிடித்தால் விடமாட்டார் என்பது நாடறிந்த விஷயம். என்ன பேசினார் என்று அவருக்கே கேட்டிருக்காது. ஆனால் கூட்டம் அசையவில்லை. அசைந்தால் படி எந்தப் பக்கம் என்று தெரியாதே. அவர் பேச்சு முடிந்திருக்கும் என்று முன்வரிசையில் யாரோ குத்துமதிப்பாகக் கைதட்ட, விடுதலை கிடைத்த வேகத்தில் மொத்தக் கூட்டமும் தட்டித் தீர்த்தது.

காருக்கு வந்ததும் அமைச்சர் அதிகாரியின் ஈரத் தோளைத் தட்டினார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"என் அரசியல் வாழ்க்கையில முழுப் பேச்சையும் ஒருத்தன்கூட நடுவுல நழுவாம கேட்டது இன்னைக்குத்தான். கூட்டத்த எப்படிய்யா கட்டிப்போட்ட?"

"எல்லாம் ஐயா பேச்சோட மகிமை."

"உனக்கு மாற்றல்னு சொன்னாங்க."

"ஐயா மனசு வச்சா…"

"வச்சுட்டேன். உன்ன மாதிரி ஆள அங்க உக்கார வச்சு கோப்பு தள்ள விடறதா? மாற்றல ரத்து பண்ணச் சொல்லியாச்சு. இங்கேயே இரு. இன்னும் நாலு கட்டு. இத விடக் கிட்ட."

அதிகாரி வீடு திரும்பியபோது மச்சினன் வாசலிலேயே நின்றான். "அத்தான், அமைச்சருக்கு ரொம்பத் திருப்தியாமே?"

அதிகாரி அவனைத் தாண்டி உள்ளே போனார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து, கட்டிவைத்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட ஆரம்பித்தாள். பெட்டிக்குள்ளேயே அவை ஈரமாகியிருந்தன.