பட்டினிப் பாத்தி

கீழ்வானின் விளிம்பில் எழுந்த இளஞாயிறு, பல்கலைக்கழகத்தின் நெடுங்கட்டடங்களைத் தன் முதற்கதிர்களால் தட்டிப் பார்த்து, உள்ளே ஒருவரும் விழித்த அறிகுறி இல்லாமையால் சற்றே சலித்து, அவற்றைத் தாண்டி வந்து வேளாண் ஆய்வுப் பண்ணையின் பசும்பரப்பில் கைநிறையப் பொன்னைக் கொட்டியது. வாய்க்கால் நீர் சலசலத்தது. கருவிக் கொட்டகையின் கூரைமேல் புறாக்கள் தத்தம் இல்லற வழக்குகளை உரத்த குரலில் தீர்த்துக்கொண்டிருந்தன. பனியில் முகங்கழுவிய தக்காளிச் செடிகள், தேர்வுக்கு வந்த மாணவரைப் போல் வரிசை பிறழாது நின்றன. இத்துணை இனிய காலையில், அலுவலகத்திலிருந்து உணவுக்கூடத்துக்குச் செல்லும் நடைபாதையின் ஓரத்தில், ஓர் இளம்பெண் தலையில் கைவைத்து அமர்ந்திருந்தாள் என்றால், அறிவுசால் அன்பரே, அதற்குத் தக்க காரணம் இருந்தே தீரவேண்டும் அன்றோ?

அவள் ஆய்வு மாணவி. இலைச்சருகையும் கண்ணுக்குத் தெரியா நுண்ணுயிர்களையும் புளிக்கவைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டே அணுகத்தக்க ஓர் ஊட்டக் கலவையை ஆக்கியவள். அக்கலவை விளைச்சலைப் பெருக்கும் என்று மெய்ப்பித்தால் அவளுக்கு முனைவர் பட்டம். உழவர்க்கோ குறைந்த செலவில் நிறைந்த காய். மெய்ப்பிக்கும் வழி எளிது. அருகருகே இரண்டு தக்காளிப் பாத்திகள். ஒன்றுக்கு நீரும் கலவையும். மற்றொன்றுக்கு நீர் மட்டும். முன்னது செழிக்க, பின்னது மெலிய, இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கலவையின் பெருமை. பின்னதற்குப் பண்ணையில் உள்ளோர் அனைவரும் இட்ட பெயர் பட்டினிப் பாத்தி.

முந்தைய பருவங்களில் பண்ணையின் கடைக்கோடியில் யார் கண்ணிலும் படாமல் கிடந்த பட்டினிப் பாத்தி, தனக்கு விதிக்கப்பட்டபடியே மெலிந்து, நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. இறுதிப் பருவத்தில் அங்கிருந்த கிணறு வற்றிவிடவே, இரு பாத்திகளும் இந்த நடைபாதை ஓரத்துக்குக் குடிபெயர்ந்தன. எவரும் தவறி அதற்கு உரமிட்டுவிடக் கூடாதென்று, அவளுடைய நெறியாளராகிய பேராசிரியர், எதையும் அளவின்றிச் செய்யாமையால் 'அளவுகோலார்' என்று பெயர் பெற்றவர், தம் கைப்பட ஒரு பலகை எழுதி நட்டார்: 'இப்பாத்திக்கு உணவிடாதீர்.'

இப்போது அந்தப் பலகையின் கீழே நடந்திருந்தது என்ன? கலவை உண்ட பாத்தி அளவோடு காய்த்து அடக்கமாக நிற்க, பட்டினிப் பாத்தியோ தண்டு தடித்து, இலை கரும்பச்சையாகி, கன்னம் உப்பிய குழந்தைகள் போன்ற செங்கனிகளைச் சுமக்கமாட்டாமல் சுமந்து, விருந்துக்குப் போய்வந்த சுற்றத்தாரைப் போலச் சாய்ந்து கிடந்தது. மறுநாள் மாலை தேர்வாளர் வருகிறார். பொருளியல் அறிஞர், எந்த ஆய்வு உழவர் கைக்குப் போகலாம், எது குப்பைக்குப் போகலாம் என்று முடிவு செய்பவர், வெட்டிச் சாய்த்த ஆய்வுகளின் மிகுதியால் 'கத்தரிக்கோலார்' என்று அழைக்கப்படுபவர்.

"யாரோ வேணும்னே செய்யிறாங்க," என்று பல்லைக் கடித்தாள் மாணவி. பகைவன் ஒருவன் இருக்கிறான். தன் பட்டத்தின் மேல் கண் வைத்தவன். அவனைக் கையும் களவுமாகப் பிடித்தே தீர்வது என்று உறுதி பூண்டாள்.

நண்பகல் வந்தது. வெயில் கொளுத்த, நடைபாதை வெறிச்சோட, கருவிக் கொட்டகையின் பின்னே மண்வெட்டிகளுக்கு நடுவில் மூச்சையடக்கிப் பதுங்கினாள் அவள். செருப்பொலி கேட்டது. வந்தவர் பண்ணைக் காவலர். அப்பக்கமும் இப்பக்கமும் பார்த்தார், சட்டைப்பையில் கைவிட்டார், வெளியே வந்தது கத்தியன்று, கைநிறைய ஆட்டுப் புழுக்கை. அதைச் செடிகளின் வேரருகே தூவி, "சாப்பிடு, சாப்பிடு," என்று முணுமுணுத்துவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, மிடுக்குடன் காவலுக்குத் திரும்பினார்.

அவர் நிழல் மறையுமுன் அலுவலகக் கணக்கர் வந்தார். உணவுக்கூடத்தில் குழாய்கள் பல இருக்க, பொடிநடையாக இவ்வளவு தொலைவு வந்து, தம் சோற்றுப் பெட்டியைப் பாத்தியின் ஓரத்தில் கழுவினார். கழுவுமுன் மிச்சம் வைத்திருந்த பருக்கைகளை மண்ணுக்குள் பொறுப்பாகப் புதைத்தார். அவரை அடுத்து, தலையில் முக்காடிட்டுக் கையில் குடத்துடன் ஒரு பெண் வந்தாள். மாணவி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். பட்டம் வாங்கும்வரை மகளுக்குச் சமைத்துப் போடுகிறேன் என்று ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த அவளைப் பெற்ற தாயே அவள். குடத்தில் இருந்தது அரிசி கழுவிய நீர்.

இனியும் பொறுப்பதோ என்று மாணவி எழ முயன்ற அந்நேரத்தில்தான், கடைசிக் கள்வர் வந்து சேர்ந்தார். ஓசைபடாமல் நடந்தார். தாமே எழுதிய பலகையின் முன் நின்று அதனை ஒருமுறை முழுதும் படித்தார், பெருமூச்செறிந்தார், வேட்டியை மடித்துக் கட்டி அப்பலகையைத் தாண்டினார். அவர் கையிலிருந்த கண்ணாடிக் குடுவையில் நுரைத்தது மாணவியின் ஊட்டக் கலவை. ஊற்றியவர் அளவுகோலார்.

"ஐயா," என்றாள் மாணவி, மண்வெட்டிகளுக்கிடையிலிருந்து எழுந்து.

குடுவை நழுவியது.

சிறிது நேரத்தில் குற்றவாளிகள் நால்வரும் கொட்டகை நிழலில் வரிசையாக நின்றனர்.

"ஆய்வகத்துல மீந்து போனதுதாம்மா," என்று பேராசிரியர் தரையைப் பார்த்துச் சொன்னார். "வீணாப் போகுதேன்னுதான்."

"நீங்கதானே ஐயா பலகை எழுதினீங்க."

"அதனாலதாம்மா. தினமும் அந்த வழியாப் போறேன், அதைப் படிக்கிறேன். பக்கத்துப் பாத்தி சாப்பிடுது, இது பார்த்துக்கிட்டு நிக்குது. யாருடா இப்படி எழுதின பாவின்னு தோணுது. அப்புறம் என் கையெழுத்துன்னு ஞாபகம் வருது."

"நான் கொஞ்சூண்டுதான் போட்டேன், பாப்பா," என்றார் காவலர். "கணக்கு அண்ணன்தான் தினம் விருந்து வச்சாரு."

"யோவ், நான் பாத்திரம் கழுவினேன். நீ ஆட்டு மந்தையையே கொண்டுவந்து கொட்டினே," என்று சீறினார் கணக்கர்.

தாய் மட்டும் தலை குனியவில்லை. "எல்லாரும் என்னமோ தப்பு பண்ண மாதிரி நிக்கிறீங்களே. பச்சைப் புள்ள மாதிரி வாடி நின்னுச்சு, ஊத்தினேன். ஏண்டி, உன்னை ஒப்பிட்டுப் பார்க்கணும்னு நான் ஒருநாள் பட்டினி போட்டிருப்பேனா?"

"அம்மா, என் பட்டமே போகப்போகுது."

"ஏன் போகுது? அந்தப் பலகையைப் பிடுங்கி இந்தப் பக்கம் நட்டுட்டா, கொழுத்தது எல்லாம் உன் மருந்து தின்னதுன்னு ஆயிடாதா? வர்றவருக்கு என்ன தெரியும்?"

பலகையைப் பெயர்க்க ஒரு கை போதும். நட ஒரு மிதி போதும். காவலரின் கண் மண்வெட்டியை நோக்கியது. கணக்கர் தொண்டையைச் செருமினார். அளவுகோலார் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வானத்தைப் பார்த்தார். அடிக்கடி மனக்கண்ணில் அச்செழுத்தாய்க் கண்டு மகிழ்ந்த தன் பெயருக்கு முன்னே 'முனைவர்' என்னும் சொல் மின்னி மறைவதை மாணவியும் ஒருகணம் பார்த்தாள். பொய் சொல்வானேன், நெடுங்கணம் பார்த்தாள்.

பிறகு சொன்னாள்: "இதை நம்பி எவனோ ஒருத்தன் தன் காட்டுல என் கலவையை ஊத்துவான். அவன் செடிக்குப் பக்கத்துல நீங்க நாலு பேரும் வந்து நிக்க மாட்டீங்கம்மா. அப்புறம் அவனுக்குக் காய்க்கிறது இந்த மாதிரி இருக்காது."

காவலர் மண்வெட்டியிலிருந்து கண்ணை விலக்கினார்.

மறுநாள் மாலை கத்தரிக்கோலார் வந்தார். மெருகேறிய காலணி, மடிப்புக் கலையாத சட்டை, புன்னகை என்பது பிறர் செய்யும் தொழில் என்று கருதும் முகம். மாணவி ஒன்றையும் மறைக்காது உரைத்தாள். அவர் திரும்பி நால்வரையும் நோக்கினார்.

"ஏன் போட்டீங்க?"

"பாவமா இருந்துச்சுங்க," என்றார் காவலர்.

"பாவத்தை நான் எந்த அட்டவணையில போடுறது?" என்று கேட்டுவிட்டு, மாணவியிடம் திரும்பினார். "உண்மையைச் சொன்னதால இன்னொரு பருவம் தர்றேன். பலகை வேண்டாம். கடைசி எடை அன்னைக்கு நானே வருவேன். இந்தத் தடவையும் யாருக்காவது இரக்கம் வந்தா, ஆய்வை மூடிடலாம். பட்டமும் கிடையாது."

அடுத்த பருவத்தில் அப்பண்ணை கண்ட துறவு, காடுறை முனிவரும் கண்டிராத துறவு. கணக்கர் அலுவலகத்தைப் பின்புறமாகச் சுற்றி உணவுக்கூடம் சென்று, சோறு ஆறிப்போக உண்டார். காவலர் தம் சட்டைப்பைகளை ஊசிநூலால் தைத்துக்கொண்டார். அளவுகோலார் ஆய்வகச் சாவியை மாணவியிடமே ஒப்படைத்து, "நான் கேட்டாலும் குடுக்காதே," என்றார். தாயோ பாத்தியைக் கடக்கும்போதெல்லாம், கடன் கேட்கும் உறவினரைக் கண்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னைப் பார்க்காதே," என்று செடிகளுக்குச் சொல்லிச் சென்றாள். கேட்பாரற்ற அப்பாத்தி வெளிறி, மெலிந்து, கோலிக்குண்டு போன்ற காய்களை நாணத்தோடு தந்தது. கலவை உண்ட பாத்தியோ கனிகளால் குனிந்தது.

எடை நாள் வந்தது. கடைசிக் கனியும் பறிக்கப்பட்டது. துலாக்கோலின் முள்ளைக் கத்தரிக்கோலார் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தார். மீண்டும் நிறுக்கச் சொன்னார். முள் அசையாது நின்றது. "கலவை வேலை செய்யுது," என்றார். ஒப்பமிட்டார். முனைவர் என்னும் சொல் அவள் பெயருக்கு முன் வந்து ஓசையின்றி அமர்ந்தது. அனைவரும் தேநீருக்குப் புறப்பட, மறந்துபோன துலாக்கோலை எடுக்க அவள் மட்டும் திரும்பி வந்தாள்.

வந்தவள் அப்படியே நின்றாள்.

பட்டினிப் பாத்தியின் நடுவே, மெருகேறிய காலணி சேற்றில் அமிழ, குந்தியிருந்தார் கத்தரிக்கோலார். எத்தனையோ ஆய்வுகளை வெட்டிச் சாய்த்த தம் எழுதுகோலால், மிக மெலிந்த ஒரு செடியின் அடியில் மண்ணைக் கிளறி, தாம் தின்ற வாழைப்பழத்தின் தோலைத் துண்டு துண்டாகப் புதைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்றாள் அவள் மெல்ல. "எடை முடிஞ்சுது. நாளைக்குப் பிடுங்கத்தானே போறோம்."

அவர் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது. "தெரியும்மா. நாளைக்குப் பிடுங்கினா, இன்னைக்குச் சாப்பிடக் கூடாதா?"

கொட்டகையின் பின்னே ஏதோ உருண்டு விழுந்த ஓசை கேட்டது. இருவரும் திரும்பினர். தைத்த பையைப் பிரித்துக்கொண்டே காவலர், மூடி திறந்த சோற்றுப் பெட்டியுடன் கணக்கர், குடத்தோடு தாய், எங்கிருந்தோ ஒரு குடுவையைத் தேடிக்கொண்ட அளவுகோலார். எடை முடியட்டும் என்று ஒரு பருவம் முழுதும் காத்திருந்தவர்கள், இப்போது தமக்கு முன்னே தேர்வாளர் முந்திக்கொண்டதைக் கண்டு திகைத்து நின்றனர்.

"வரிசையா வாங்க," என்றாள் முனைவர்.

மேற்கே ஞாயிறு சாய்ந்தது. பறிக்க ஒரு கனியும் இல்லாத, மறுநாளைக் காணப்போகாத அச்செடிகள், தம் வாழ்நாளின் முதல் விருந்தை அன்று மாலை உண்டன. அவ்விருந்தால் எந்த விளைச்சலும் பெருகவில்லை. எந்த அட்டவணையிலும் அது ஏறவில்லை. மண்ணுக்கு எவ்வளவு ஊட்டம் இட்டால் எவ்வளவு விளையும் என்று நிறுத்துச் சொல்ல மாந்தர் கற்றுவிட்டனர், அன்பரே. ஆனால் இடாதே என்று எழுதிய கையே பின்னொரு நாள் குடுவையோடு திரும்பி வருகிறதே, அதனை நிறுக்க இன்னும் ஒரு துலாக்கோல் செய்யப்படவில்லை. செய்யப்படாமல் இருப்பதே நன்று.